இடிந்த பேராலயத்தைக் குழந்தைகளோடு பார்ப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு முதல்முறை போனபோது, பத்தே நிமிடத்தில் என் மகன் "இங்க ஒண்ணுமே இல்லையேப்பா" என்றான். தப்பு அவன்மேல் இல்லை. இரண்டு கோடியிலும் கொஞ்சம் சுவர், நடுவில் புல், அவ்வளவுதான். அங்கே இல்லாததைப் பார்க்க நான்தான் சொல்லித்தரவில்லை. இரண்டாம் முறை இப்படிச் செய்தோம்.

முதலில் போய்ச் சேரும் வழி. ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், அப்புறம் பேருந்து. இடம் வட கடலை ஒட்டியது; கோடையிலும் காற்று காதை அறுக்கும். காற்றுப் புகாத மேல்சட்டை கட்டாயம்.

அடுத்து, எந்தப் பக்கம் நுழைந்தாலும் சரி, மேற்கு முகப்புக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள். கிழக்குச் சுவர்வரை பிள்ளைகள் காலடியை எண்ணிக்கொண்டு நடக்கட்டும். ஏறக்குறைய 119 மீட்டர். வழியில் புல்லோடு புல்லாகக் கிடக்கும் குட்டைக் கற்கள் தூண்களின் அடிப்பாகம். ஒன்றின் பக்கத்தில் அப்பாவும், எதிர்வரிசையில் அம்மாவும் நின்றால் கூடத்தின் அகலம் சட்டென்று தெரியும்.

கதையை அங்கேயே சொல்லிவிடுங்கள். 1158இல் தொடங்கிய கட்டடத்தை 1318இல்தான் அரசர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்தார்கள். 160 வருடம்! 1559இல், கத்தோலிக்க வழிபாட்டை எதிர்த்த போதகர் ஜான் நாக்ஸின் பிரசங்கத்தைக் கேட்ட கூட்டம் உள்ளே புகுந்து பீடங்களையும் சிலைகளையும் உடைத்தது. அதன்பின் கவனிப்பாரில்லை, ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல்லை எடுத்துப் போனார்கள்.

இனி கல்லறைகள். ஏறக்கூடாது, சாயக்கூடாது: மரியாதைக்காக மட்டுமல்ல, பழைய கல் ஆட்டம் கண்டிருந்தால் பிள்ளைமேல் விழும். எழுத்து தெரியவில்லை என்று பாசியைச் சுரண்டாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள். கைபேசி டார்ச்சை நேராகக் காட்டாமல், கல்லின் ஓரத்தில் வைத்து அதை உரசிக்கொண்டு போவதுபோல் ஒளியைச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வெயில் அடித்தால் கல்லுக்கு ஒருவர் குடை பிடிக்க வேண்டும். எங்களுக்கு இப்படித்தான் ஒரு மண்டை ஓடும் மணற்கடிகாரமும் கிடைத்தன. கடற்கொள்ளையர் சமாதி என்று மகன் குதித்தான். நேரம் முடியும் என்பதற்கான அடையாளம் என்று சொன்னதும் கொஞ்சம் ஏமாற்றம்.

மதிலோரம் கோல்ஃப் மட்டையோடு நிற்கும் சிற்பம் இளைய டாம் மோரிஸ். பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பன் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றவர். 1875 கிறிஸ்துமஸ் அன்று இறந்தபோது வயது 24. 1908வரை வாழ்ந்த அவருடைய அப்பாவுக்கும் அங்கேதான் கல்லறை.

கடைசியாக, பேராலயத்தைவிடப் பழைய செயின்ட் ரூல் கோபுரம். 33 மீட்டர், குறுகலான சுழல்படி. ஏற அனுமதி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால், காலடி எண்ணி நடந்த கூடம் முழுசாகக் கீழே புல்லில் கோடு போட்டதுபோல் கிடக்கும்.