பழைய நெட்வொர்க் கார்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே சர்வர், நெட்வொர்க் பழகும் லேபுக்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பழைய சர்வர் கார்டு தேடுபவர்கள் '40ஜி', '100ஜி' (நொடிக்கு 40, 100 கிகாபிட்) என்ற எண்ணைப் பார்த்ததும் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். கார்டைச் செருகப்போகும், மதர்போர்டிலுள்ள பிசிஐஇ ஸ்லாட்டை யாரும் பார்ப்பதில்லை. பெரிய தவறு இதுதான்.

ஸ்லாட்டில் தரவு போகும் ஒவ்வொரு தடமும் ஒரு லேன் (lane); 2.0, 3.0, 4.0 என்பவை பிசிஐஇ-யின் தலைமுறைகள். பிசிஐஇ 3.0-இல் ஒரு லேனுக்கு நொடிக்குச் சுமார் 8 கிகாபிட் வேகம் கிடைக்கும். 2.0-இல் 4தான். மெல்லனாக்ஸ் நிறுவனத்தின் கனெக்ட்எக்ஸ்-3 கார்டு பிசிஐஇ 3.0, 8 லேன் கொண்டது. அதாவது சுமார் 63 கிகாபிட். அதில் இரண்டு 40ஜி போர்ட் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது. நம் டெஸ்க்டாப் போர்டுகளில் இன்னொரு சிக்கல். இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்க 16 லேன் மாதிரி இருக்கும், பல போர்டுகளில் உள்ளே 4 லேன்தான் இணைத்திருப்பார்கள். 100ஜி கனெக்ட்எக்ஸ்-4ஐ அங்கே செருகினாலும் 31 கிகாபிட்டைத் தாண்டாது. புது போர்டு வாங்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள்: இன்டெல் எக்ஸ்520 மாதிரி 2.0 கார்டு, 4.0 ஸ்லாட்டிலும் 2.0 வேகத்தில்தான் ஓடும். வாங்கும் முன் மதர்போர்டு மேனுவலைப் பாருங்கள். செருகிய பிறகு, லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட்டாக, விரிவான தகவல் கேட்டு (lspci -vv) ஓட்டினால், கார்டால் எத்தனை லேன் முடியும், இப்போது எத்தனை கிடைத்திருக்கிறது என்று இரண்டையும் காட்டும்.

அடுத்தது சூடு. இந்தக் கார்டுகள் பலவற்றில் ஃபேன் கிடையாது. சர்வர் பெட்டியின் பலத்த காற்றை நம்பிச் செய்தவை. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத சென்னை அறையில், சாதாரண கேபினெட்டுக்குள் வைத்தால் கார்டு திணறும். ஹீட்சிங்க் மேல் சின்ன ஃபேன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே ரேக்குக்குள் (சர்வர் அடுக்கும் சட்டம்) இணைக்க, சாதாரண நெட்வொர்க் கேபிளைச் செருக உதவும் 10ஜி ஆர்ஜே45 மாட்யூல் வேண்டாம், அதுவும் நன்றாகவே சுடும். இரு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் குட்டைச் செம்புக் கேபிளான டிஏசி போதும்.

டிரைவரையும் பாருங்கள். கனெக்ட்எக்ஸ்-3 லினக்ஸில் ஓடும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 8-இல் ஓடாது.

என்னைக் கேட்டால், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக 40ஜி பக்கம் போவதைவிட 25ஜி கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸ் நல்லது. 3.0-இல் 4 லேன் கிடைத்தாலே ஒரு போர்ட் முழு வேகத்தில் ஓடும், இருக்கிற 10ஜி டிஏசி கேபிளும் அதிலேயே வேலை செய்யும். அப்புறம், நாஸில் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருப்பது ஒற்றை ஹார்ட் டிஸ்க் என்றால் 2.5ஜியே தாராளம்.