சியாச்சின் படி (அலவன்ஸ்): வீட்டில் இருப்பவர்கள் பே ஸ்லிப்பைச் சரிபார்க்கும் முறை

தேவிபட்டினத்தில் எங்கள் தெரு அக்கா, ராணுவத்தில் இருக்கும் மகனின் பே ஸ்லிப்பை நீட்டினார். மீன் கூடையை இறக்கிவைத்த கை. தாளின் ஓரமெல்லாம் ஈரம். "தம்பி, சம்பளம் இவ்வளவு குறைஞ்சிருக்கேப்பா, பையன் ஏதும் தப்புப் பண்ணிட்டானா?" என்றார். ஒரு தப்பும் இல்லை. பையன் சியாச்சின் பனிமலையிலிருந்து கீழே இறங்கிவிட்டான். மேலே இருக்கும் காலத்துக்குத்தான் அந்தப் படிப் பணம்.

1. எந்தப் படி என்று பாருங்கள். 9,000 அடிக்கு மேல் பணி என்றால் உயர்மலைப் படி. 15,000 அடியைத் தாண்டினால் பிரிவு மாறும். சியாச்சினுக்குத் தனிப் படி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2017 ஜூலை முதல் சிப்பாயிலிருந்து ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) வரை அது மாதம் 14,000 ரூபாயிலிருந்து 30,000 ஆனது. அதிகாரிகளுக்கு 21,000 ரூபாய் 42,500 ஆனது. அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போது இது 25 சதவீதம் கூடும் என்பது விதி. அதனால் ஸ்லிப்பில் கூடுதலாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

இதை போனஸ் என்று நினைக்காதீர்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19,600 அடி உயரக் காவல் முகாமில் பனிச்சரிவு விழுந்து, 19வது மெட்ராஸ் பட்டாலியன் வீரர்கள் புதைந்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் போனார்கள். உப்புக்காற்றில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரில் நிற்பதற்கான கூலி இது.

2. ஸ்லிப்பில் வரவு, பிடித்தம் என்று இரண்டு பகுதி இருக்கும். படிகள் வரவில். பெயர்கள் சுருக்கமாக இருக்கும். புரியாததை மகனிடமே கேளுங்கள்.

3. தேதிதான் முக்கியம். மகன் மேலே போனதும் யூனிட்டில் அதைப் பதிந்து 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவு போடுவார்கள். அது சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவானால்தான் பணம் ஏறும். முதல் மாதம் வராமல், அப்புறம் அரியராகச் சேர்ந்து வரலாம். இறங்கியதைப் பதிய தாமதமானால், கூடுதலாக வந்ததை ரெக்கவரி என்று பிடிப்பார்கள். ஏறிய நாள், இறங்கிய நாள் இரண்டையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கணக்கு இடித்தால், ஆர்டர் நம்பரோடு மகன் யூனிட் கிளார்க்கிடம் கேட்க வேண்டும். நாம் அலைந்து பயனில்லை.

4. சீட்டுத் தவணை, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். படியைத் தனிக் கணக்கில் போடுங்கள்.

ஒன்று மட்டும்: ஸ்லிப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எந்த முகாம் என்றும் போனில் கேட்காதீர்கள். "மேலே இருக்கியா, கீழே வந்துட்டியாப்பா?" என்று கேட்டால் போதும்.