வெப்ப அலையில் பிந்திக்கொள்வதுதான் பெரிய தவறு

வெப்ப அலை எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: இன்று எத்தனை டிகிரி? அந்த எண், நிழலில் காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டியது. வெயிலில் நின்று கம்பி கட்டுபவரின் முதுகு தாங்குவது அதைவிட அதிகம். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதையும் அது சொல்லாது. வியர்வை வழிந்தால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது, அது உலர வேண்டும். ஈரம் மிகுந்த 34 டிகிரி நாள், வறண்ட 40 டிகிரி நாளைவிடப் பாடாய்ப் படுத்தக்கூடும்.

எண் எதுவாக இருந்தாலும், நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வகை. தாமதமாகக் குடிக்கிறோம், தாமதமாக ஓய்வெடுக்கிறோம், தாமதமாக ஜன்னலை மூடுகிறோம்.

வேலையிடத்தில் தவறு என்று நான் முதலில் சொல்வது, புதியவரிடம் முதல் நாளே முழு வேலை வாங்குவதை. வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பை அதிகம் இழக்காது. பழகாத உடலுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. அமெரிக்காவில் திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் இறப்பவர்களில் பாதி முதல் பத்தில் ஏழு பேர் வரை முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்கிறது அந்நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை. அதனால் அங்கே தரும் பரிந்துரை, புதியவருக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத வேலை, பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுவது. நீண்ட விடுப்பிலிருந்து திரும்பும் பழைய ஆளும் பாதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். “பத்து வருட அனுபவம்” என்பது மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில் இருக்கலாம், உடல் அதை இரண்டு மூன்று வாரங்களில் மறந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்த தவறு, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பது. தாகம் வரும்போதே உடலில் நீர் குறைந்திருக்கும். கடும் வெயிலில் உழைப்பவர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிப்பது நல்ல கணக்கு. மதிய உணவு வேளையில் இரண்டு பாட்டிலை மடமடவென்று காலி செய்வது அதற்கு ஈடாகாது. மணிக்கு சுமார் 1.4 லிட்டருக்கு மேல் போனால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வேறு ஆபத்து வரும். நேரத்துக்குச் சாப்பிடுபவருக்கு வெறும் தண்ணீரே போதும், பல மணி நேரம் தொடர்ந்து வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் உதவும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கழிப்பறை இல்லை என்பதற்காகவே நாள் முழுக்கத் தண்ணீரைத் தொடாத பெண்கள் எத்தனையோ பேர். அதைத் தொழிலாளியின் தவறு என்று எழுத என் கை வரவில்லை.

ஒருமுறை உடன் வேலை செய்தவர் தலை வலிக்கிறது என்றார். காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, நிழலில் படுக்கச் சொல்லிவிட்டு நாங்கள் வேலைக்குத் திரும்பினோம். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே சட்டைப்பையில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. அந்த வியர்வைதான் எங்களை ஏமாற்றியது. ஹீட் ஸ்ட்ரோக் என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். உழைக்கும்போது வருவதில் வியர்வை கொட்டலாம். கவனிக்க வேண்டியது பேச்சையும் புத்தியையும். உளறல், தடுமாற்றம், காரணமில்லாத கோபம் தென்பட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். தொட்டி இருந்தால் கழுத்துவரை நீரில் அமர்த்தித் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது. தனியாக விட்டதும் எங்கள் தவறுதான்.

வீட்டில் நடப்பது வேறு வகை. பொழுது சாய்ந்ததும் பழக்கதோஷத்தில் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறோம். நான் ஒரு சிறிய வெப்பமானியை அறைக்குள்ளும் இன்னொன்றை வெளியே நிழலிலும் தொங்கவிட்டுப் பார்த்தேன். மாலை ஏழு மணிக்கு உள்ளே 33, வெளியே 36. திறந்தால் வருவது காற்றுதான், ஆனால் சூடான காற்று. வெளியே இருக்கும் சூடு உள்ளே இருப்பதைவிடக் குறைந்த பிறகே திறக்க வேண்டும், காலையில் அது ஏறுவதற்கு முன்பே மூடிவிட வேண்டும். திரைச்சீலை உள்ளே தொங்குவதைவிடக் கண்ணாடிக்கு வெளியே நிழல் விழுவது பல மடங்கு மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல இருக்கும். பகலில் விழுங்கிய சூட்டை அது படுக்கையறைக்குள் திருப்பித் தருகிறது. அன்றிரவு வேறு அறையில் படுப்பது நல்லது.

மின்விசிறியை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. 40 டிகிரிக்குக் கீழ் இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் அது உடலைச் சூடாக்கவே செய்யும். நிறுத்திய காருக்குள் குழந்தையை “ஒரு நிமிடம்தான்” என்று விட்டுப்போவதற்கு விளக்கமே தேவையில்லை. கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பது ஏறக்குறைய எந்தப் பயனும் தராது.

சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், சில மனநல மருந்துகள், சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். நாமாக நிறுத்தக் கூடாது, வெயில் உச்சத்துக்கு வருமுன்னரே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையால் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தனர். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வசித்தவர்கள். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், சூடும் அவ்வளவாக உறைக்காது. போனில் கேட்டால் “நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார்கள், பொய் சொல்வதில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும், காலையில் நிரப்பிவைத்த ஜாடி மாலையிலும் அப்படியே இருப்பது.