பாட்டுக்காரர் இருப்பார்கள், பாட இடம் இருக்காது: வன்னியில் நாம் விடுகிற பிழைகள்

ஏ9 வீதியில் கிளிநொச்சி டவுணைக் கடக்கும்போது பாருங்கள், ஒவ்வொரு வருடமும் கடைத்தொகுதிகள் கூடிக்கொண்டே போகின்றன. இடையில் காணாமல் போவது இசைக்குழுக்கள் பழகிப் பாடிய தகரக் கொட்டகைகள். நான் பார்த்தவரை சனம் வராமல் மூடியவை குறைவு. காணிக் கடுதாசியிலும் அயல் சண்டையிலும் தோற்றவைதான் கூட.

பெரிய பிழை, வாய்ப்பேச்சில் இடம் எடுப்பது. “தம்பி, நீங்கள் பாவியுங்கோ, காசைப் பிறகு பாப்பம்” என்று காணிக்காரர் சொன்னதும் நாங்களும் மயங்கினோம். மேடை கட்டினோம், கறண்ட் இழுத்தோம், ஓட்டைத் தகரத்தை மாற்றினோம். காணி விலைப்பட்டதும் இரண்டு கிழமையில் ஸ்பீக்கர் பொக்ஸ்களை லாண்ட்மாஸ்ரர் என்கிற இருசில்லு உழவு மெஷினில் ஏற்ற வேண்டி வந்தது. கையில் துண்டுக் கடுதாசிகூட இல்லை.

இலங்கைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். எழுதியதைக் காணிப் பதிவகத்திலும் பதிந்துவிடுங்கள். பதியாமல் விட்டால், பிறகு காணியை வாங்கிப் பதிந்தவர் முந்திவிடலாம். வன்னியில் இன்னொரு முடிச்சும் உண்டு. இங்கே நிறையக் காணிகள் சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணிகள் அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. ஆகவே வாடகையைப் பேசுவதற்கு முன்னரே “உறுதியோ பெர்மிட்டோ?” என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், பொம்பிளை பார்க்கப் போனாலும் நாலு கேள்வி கேட்கிறோம்தானே.

அடுத்தது சத்தம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதைக் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லிவிட்டது. அனுமதி இருந்தாலும் பேஸ் சத்தம் தகரத்தை மதிக்காது. மெல்லிய சுவர் உயர்ந்த சுரத்தை ஓரளவு மறிக்கும், தாழ்ந்த சுரத்துக்குப் பாரமான கல்சுவர்தான் வேண்டும். சுவர் எழுப்பக் காசில்லையா? சரி, பொக்ஸை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், மூலை பேஸைப் பெருக்கும். வாயை வயல் பக்கம் திருப்புங்கள். காற்று வீசும் திசையில் சத்தம் கூடத் தூரம் போகும், ஆகவே தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்துக்கு வைத்த இடம் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்குச் சரிவராது.

பக்கத்து வளவில் அத்திவாரம் வெட்டும்போது நாம் பேசாமல் இருப்பதும் பிழைதான். குடிபூரல் முடிந்து, பிள்ளைக்கு நித்திரை இல்லை என்று அவர்கள் வரும்போது, அங்கே பத்து வருடம் பாடியவர்கள்தான் குற்றவாளிகள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014இலும் இங்கிலாந்தில் 2018இலும் திட்டமிடல் விதியையே மாற்றினார்கள்: பழைய இசையரங்குக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர்தான் சத்தத் தடுப்புக்குப் பொறுப்பு. நம் பிரதேச சபைகளிடமும் இப்படி ஒன்றைக் கேட்கலாம். கேட்பதற்கு முதலில் நாம் அங்கே இருக்கிறோம் என்று சபைக்குத் தெரிய வேண்டும். கேளிக்கை வரிக்குப் பயந்து ரிக்கற்றைக் காட்டாமல் நடத்தும் இடம் சபையின் கொப்பியில் எங்கும் இராது.

அப்புறம், எந்த மண்டபமும் எந்தக் கலைக்கும் பொருந்தும் என்ற நினைப்பு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுங்கள். சுற்றிவரச் சனம் இருக்க, நடுவில் களரி, அதாவது ஆடுகிற இடம். அப்படியொரு கூத்தை ஒருமுறை மாபிள் பதித்த பொதுமண்டபத்தில் வைத்தார்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்ட, அது நாலு சுவரிலும் மோதி நாலாய்த் திரும்பி வந்தது. பிற்பாட்டுக்காரருக்குத் தாளமே பிடிபடவில்லை. அரை மணித்தியாலத்தில் எல்லோரும் எழும்பி வெளி முற்றத்தில் பாயை விரித்தார்கள். மண்டபக்காரர் வாடகையை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டார்கள்.