வீட்டுக்குத் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றும் சேர்ந்த பொதி: திருகோணமலையில் தெரிவு செய்யும் முறை

பொதிகளின் விலைப்பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு தெரிவைத் தொடங்குவது வழக்கம். திருகோணமலையில் அதற்கு முன்னதாகப் பார்க்க வேண்டியது வீட்டுப் படலைக்கு வெளியே நிற்கும் தொலைபேசிக் கம்பத்தை. நகரத்தில் ஒரு தெருவுக்கு ஃபைபர் என்னும் கண்ணாடி இழை இணைப்பு வந்திருக்க, அடுத்த ஒழுங்கையில் பழைய செப்புக் கம்பியே தொங்கிக்கொண்டிருக்கலாம். கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் 4ஜி சிக்னல் மட்டுமே கிடைக்கும் வீடுகளும் உண்டு. ஃபைபர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டாலும் அது போதாது. கம்பத்திலுள்ள பகிர்வுப் பெட்டியில் புதிய வீட்டுக்கு இடம் மீதமிருக்கிறதா என்பதை, அதே கம்பத்திலிருந்து இணைப்புப் பெற்ற அயலவரின் 026 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றும் ஒன்றாக என்று விளம்பரம் சொன்னாலும், அது எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. எஸ்எல்டி-மொபிடெல் நிறுவனத்தின் ஃபைபரில் தொலைபேசியும் இணையமும் அதன் தொலைக்காட்சிச் சேவையான பியோ டிவியும் ஒரே இழையில் வருகின்றன. டயலொக் நிறுவனத்தில் தொலைக்காட்சி கூரை மீதுள்ள டிஷ் வழியாகவும், இணையம் பெரும்பாலும் 4ஜி ரவுட்டர் வழியாகவும் வரும். முதலாவதில் ஒரே பில், ஒரே முறைப்பாட்டு இலக்கம் என்ற வசதி உண்டு. ஆனால் மரம் விழுந்து அந்த இழை அறுந்தால் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். இரண்டாவதில் டிஷ் படம் காட்டாத வேளையிலும் இணையம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர் எந்தப் பொதியை எடுத்தாலும், வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையைக் கைபேசியில் வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

இந்த ஊரின் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை பலமாகப் பெய்யும் மாதங்களில், கறுத்த மேகம் திரண்டு கொட்டும்போது செய்மதிச் சிக்னல் மழையில் வலுவிழந்து, படம் கட்டங்கட்டமாக உடைந்து மறையும். அது டிஷ்ஷின் பழுதல்ல, மழை தணிந்தால் திரும்பிவிடும். உப்புக்காற்று செய்வதோ மெல்ல நடக்கும் சேதம். உப்புவெளியில் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள எங்கள் வீட்டில், டிஷ் கம்பியின் முனையிலுள்ள சிறு உலோக இணைப்பான் இரண்டு வருடத்துக்குள் பச்சை பிடித்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. கடலோரத்தில் வசிப்பவர்கள் அந்த இணைப்பைத் தண்ணீர் புகாத நாடாவால் சுற்றித்தரும்படி பொருத்த வருபவரிடம் அன்றைக்கே கேட்க வேண்டும். இடிமின்னலின்போது செப்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் வந்து ரவுட்டரைக் கருக்கிவிடக்கூடும்; ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்சாரம் பாயாது. ஆனாலும் மின் அடப்டர் வழியாக வரும் ஆபத்து இருக்கவே செய்கிறது, ஆகவே பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை விடக்கூடாது.

மின்வெட்டைப் பற்றி 2022ஆம் ஆண்டைக் கடந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. செப்புக் கம்பியிலுள்ள சாதாரணத் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வருவதால் வீடு இருண்டிருந்தாலும் அது வேலை செய்யும். ஃபைபர் தொலைபேசியோ வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். முதியவர்கள் தனித்திருக்கும் வீடாயின், அடப்டரின் வோல்ட் அளவைப் பார்த்து அதற்குப் பொருந்தும், மின்வெட்டிலும் மின்சாரம் தரும் சிறிய யூபிஎஸ் ஒன்றையும் பொதியின் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இனி டேட்டா. எச்டி தரத்தில் ஒரு மணிநேரம் படம் பார்த்தால் ஏறத்தாழ 3 ஜிகாபைட் செலவாகும். தினமும் மூன்று மணிநேரம் பார்க்கும் குடும்பத்துக்கு மாதத்துக்கு 270 ஜிகாபைட் அதிலேயே போய்விடும், பிள்ளைகளின் இணையவழி வகுப்புகள் வேறு. 100 ஜிகாபைட் என்று எழுதியிருக்கும் பொதியில் பாதி நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கு மட்டும் உரியதாக இருந்தால், பத்து மணிக்கே உறங்கிவிடும் வீட்டுக்கு அது 50 ஜிகாபைட் பொதிதான். எல்லையற்றது என்று விற்கப்படும் பொதியிலும் எந்த அளவுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும், எவ்வளவுக்குக் குறைக்கப்படும் என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் மட்டுமே என்பதையும் நினைவில் வைக்கவும்.

அலைவரிசைகளைப் பொறுத்தவரை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். சக்தி, வசந்தம், நேத்ரா போன்றவை சிக்னல் எட்டும் இடத்தில் சாதாரண அன்டெனாவிலேயே இலவசமாகக் கிடைப்பவை. வீட்டில் உண்மையாகப் பார்க்கும் பத்து அலைவரிசைகளை ஒரு தாளில் எழுதி, அவை அடங்கிய மிகக் குறைந்த பொதி எது என்று பார்த்தால் போதும். கிரிக்கெட் அலைவரிசை தனிக்கட்டணமா என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

விலையில் பார்க்க வேண்டியது வரிகள் சேர்ந்த தொகையை. 2024 ஜனவரியிலிருந்து வற் எனப்படும் பெறுமதிசேர் வரி 18 சதவீதம். அதற்கு மேல் வேறு வரிகளும் பில்லில் ஏறும். பொருத்துகட்டணம், வைப்புப்பணம், ரவுட்டரின் விலை, 24 மாதத்துக்கான மாதக்கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி ஒப்பிட்டால்தான் எது மலிவு என்பது தெரியும். ரவுட்டர் உங்களுக்குச் சொந்தமா, திருப்பித் தர வேண்டியதா என்பதும் முக்கியம். நான் ஒருமுறை இணைப்பைத் துண்டித்து, பெட்டியைக் கிளையில் ஒப்படைத்துவிட்டு, பற்றுச்சீட்டு வாங்காமல் வந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டுக் கடிதம் வந்தது. நிறுவனத்தோடு பேசித் தீராத பிணக்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் 1900 இலக்கத்தில் முறையிடலாம். அப்போதும் கையில் சீட்டு இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

4ஜி இணைப்புத்தான் வழி என்றால், வாங்குவதற்கு முன் அதே நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசி ஒன்றை இரவல் வாங்கி, இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், ரவுட்டரை வைக்கப்போகும் அதே சன்னலருகே வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் அளந்தால் ஊரே பயன்படுத்தும் நேரத்து நெரிசல் தெரியாது. சிக்னலே எட்டாத இடங்களுக்கு, 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணையம் உண்டு, ஆனால் கருவியின் விலை தனி, திறந்த வானமும் சாதாரண ரவுட்டரைவிடக் கூடிய மின்சாரமும் அதற்குத் தேவை.

பொருத்த வருபவர் வேலை முடிந்ததும் கையெழுத்துக்குத் தாளை நீட்டுவார். அதற்கு முன் கைபேசியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு காணொளியை ஓட்டிப் பாருங்கள். அங்கே தடக்கினால், ரவுட்டரை வேறிடத்துக்கு மாற்றும்படி அவர் படியிறங்குமுன் கேட்பதே சுலபம்.