பிரேக்கரைத் திறந்தது யார்? மின் கட்டமைப்பில் சைபர் தாக்குதலைக் கண்டுபிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 டிசம்பர் 23. உக்ரைனில் ஒரு மின் விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், ஆபரேட்டரின் கண்ணெதிரே மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை (திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகள்) ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனது, அவர் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. அன்று 3 நிறுவனங்களில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது.

இதில் பலர் கவனிக்காதது, அந்தக் கட்டளைகளில் தப்பே இல்லை என்பதுதான். பல மாதங்களுக்கு முன்பே மின்னஞ்சல் வழியாக உள்ளே புகுந்து விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்டைத் திருடியவர்கள், நிறுவனத்தின் சொந்த மென்பொருளிலேயே உட்கார்ந்து வேலையை முடித்தார்கள். அதனால் வைரஸை மட்டும் தேடுவதுதான் முதல் தவறு. மறு ஆண்டு கீவ் நகருக்கு அருகே ஒரு துணை மின்நிலையத்தைத் தாக்கிய இண்டஸ்ட்ராயர் என்ற தீங்கு மென்பொருள், ஐஇசி 104, ஐஇசி 61850 போன்ற துணை மின்நிலைய மொழிகளையே பேசியது. கட்டளை சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. எந்தக் கணினியிலிருந்து வந்தது, இந்த நேரத்தில் பராமரிப்பு அனுமதி ஏதும் இருக்கிறதா, ஒரு நிமிடத்தில் இத்தனை பிரேக்கர்களைத் திறக்க யாருக்கு என்ன காரணம் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் எல்லாம் சரி என்று நம்பிவிடுவது. ஒரே ஒரு மீட்டரை மாற்றினால் நிலை மதிப்பீட்டுக் கணக்கு (எல்லா அளவீடுகளையும் சேர்த்துக் கட்டமைப்பின் நிலையைக் கணிப்பது) பிடித்துவிடும், உண்மைதான். ஆனால் லைனின் இரண்டு முனை மீட்டர்களையும், அவற்றைச் சேர்ந்த மற்றவற்றையும் கணக்குக்குப் பொருந்தும்படி சேர்த்தே மாற்றினால் பிழை எச்சம் (அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம்) துளியும் அதிகரிக்காது என்று 2009-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தப்பிக்க, முக்கியமான சில மீட்டர்களையாவது தனியாகப் பாதுகாத்து, வேறு வழியில் வரும் தரவோடும் சுமை முன்கணிப்போடும் ஒப்பிட வேண்டும். பிஎம்யூ (மின்னழுத்தம், மின்னோட்டத்தின் அளவையும் கோணத்தையும் நேரக் குறிப்போடு அளக்கும் கருவி) இருக்கிறதே என்று அதோடு நிறுத்திவிடவும் முடியாது. அது ஜிபிஎஸ் நேரத்தை நம்பி ஓடுவது. 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் கடிகாரத்தை 31 மைக்ரோ விநாடி தள்ளிவிட்டாலே கோணம் அரை டிகிரிக்கு மேல் பிசகும்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது, தாக்குதலைக் கண்டுபிடிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரிகளின் '99.9% துல்லியம்'தான். விநாடிக்கு 50 அளவீடு அனுப்பும் ஒரு பிஎம்யூவிலிருந்து ஒரு நாளில் 43,20,000 அளவீடுகள் வரும். அதில் வெறும் 0.1% பொய் எச்சரிக்கை என்றாலும் 4,320, அதாவது 20 விநாடிக்கு ஒரு முறை மணி அடிக்கும். அதுவும் ஒரே ஒரு கருவிக்கு! மூன்றாவது நாளில் ஆபரேட்டர் ஒலியை அணைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவே முடியாது. தாக்குதலே அபூர்வமாக நடக்கும் இடத்தில், 'தாக்குதல் இல்லை' என்று எப்போதும் சொல்லும் மாதிரிக்கும் துல்லியம் பிரமாதமாகத்தான் வரும். அதனால் ஒரு நாளைக்கு எத்தனை பொய் மணி, உண்மையானதில் எத்தனை தப்பியது என்று கேளுங்கள். அப்புறம், காலவரிசைத் தரவைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்து நொடிகள் இரண்டிலும் விழுந்து மாதிரிக்கு விடை முன்பே தெரிந்துவிடும்.

அலுவலக நெட்வொர்க்கில் செய்வதுபோலப் பழைய ரிலேக்களை (கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவிகள்) ஸ்கேன் செய்வதும் வேண்டாம், சில அப்படியே முடங்கிவிடும். நெட்வொர்க்கில் ஓடும் தரவை நகலெடுத்துக் கவனித்தாலே நிறையத் தெரியும்.

இன்னொன்று, தனித்தனியாகப் பார்ப்பது. 2015-ல் பிரேக்கர்களோடு சேர்த்து யுபிஎஸ்ஸையும் (மாற்று மின்சாரக் கருவி) துண்டித்தார்கள், வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசியைப் பொய் அழைப்புகளால் நிரப்பினார்கள். போன் கோளாறு ஒரு குழுவுக்கும் யுபிஎஸ் கோளாறு இன்னொரு குழுவுக்கும் போய், இரண்டு பேரும் பேசிக்கொள்ளாவிட்டால் யார் கண்ணிலும் தாக்குதல் தெரியாது. கடைசியில் கணினிகளையும் அழித்துவிட்டுத்தான் போனார்கள், ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் பிரேக்கர்களை மூட வேண்டியிருந்தது. ஆகவே பதிவுகளை அதே கணினியில் மட்டும் வைக்காதீர்கள், உடனுக்குடன் ஒருவழிப் பாதையில் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.