கெர்னல் பாதுகாப்பு மாட்யூலில் கோப்பின் அனுமதிப் பட்டியலைக் கையாளும் முறை

லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்க முயலும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் இரண்டு இடங்களில் அனுமதி கேட்கிறது. முதலில் உரிமையாளர், குழு, ஏசிஎல் எனப்படும் அனுமதிப் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்துக் கோப்பு முறைமை அடுக்கு முடிவெடுக்கும். அது சம்மதித்த பிறகே, 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில் இடம்பெற்ற எல்எஸ்எம் (பாதுகாப்பு மாட்யூல்களைக் கெர்னலுடன் இணைக்கும்) கட்டமைப்பின் வழியாக, எஸ்இலினக்ஸ், ஸ்மாக் போன்ற பாதுகாப்பு மாட்யூல்களிடம் கேள்வி போகும். எனவே ஏசிஎல் மறுத்ததை மாட்யூலால் அனுமதிக்க இயலாது. அனுமதித்ததை மறுக்க மட்டுமே இயலும். ஏசிஎல்லை மாட்யூலுக்குள் மறுபடி படித்துக் கணக்கிடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மறந்தவர்களே.

அனுமதி மறுக்கப்பட்டால், மறுத்தது யார் என்று முதலில் கண்டறிய வேண்டும். ஏசிஎல் உள்ள கோப்பை, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கூட்டல் குறியுடன் காட்டும். அப்போது குழுவுக்கான இடத்தில் தெரிவது உண்மையில் குழுவின் அனுமதியன்று, மாஸ்க்; அதாவது பட்டியலில் பெயர் குறிப்பிட்ட பயனர்களுக்கும் குழுக்களுக்கும் கிடைக்கக்கூடிய அனுமதியின் உச்ச வரம்பு. ஒரு பயனருக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்த பிறகு வேறொருவர் அக்கோப்புக்கு, அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையால் 640 (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழு படிக்க மட்டும்) போட்டால், பட்டியலில் அந்தப் பயனரின் வரி அப்படியே இருக்கும். ஆனால் மாஸ்க் சுருங்கிவிடுவதால் எழுதும் உரிமை போய்விடும். கெட்எஃப்ஏசிஎல் கட்டளை அந்த வரியின் ஓரத்தில் எஞ்சிய அனுமதியைக் காட்டும்.

எஸ்இலினக்ஸ் மறுத்திருந்தால் வழக்கமாக ஆடிட் பதிவில் (பாதுகாப்பு நிகழ்வுகளின் பதிவு) ஏவிசி என்ற குறியுள்ள மறுப்பு வரி இருக்கும். ஏசிஎல் மறுத்ததற்கு அப்படி வரி விழாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகியாக) ஓடும் சேவையை ஏசிஎல் தடுக்கும்போது, அத்தடையை மீறும் சிறப்புரிமை அச்சேவைக்கு உண்டா என்று கெர்னல் எஸ்இலினக்ஸிடம் கேட்கும். அது மறுத்தால் டாக் ஓவர்ரைடு என்ற பெயருடன் ஏவிசி வரி தோன்றும். அதைக் கண்டவுடன் எஸ்இலினக்ஸின் விதித்தொகுப்பான பாலிசியைத் தளர்த்தாமல், கோப்பின் அனுமதியைத் திருத்துவதே பெரும்பாலும் சரியான வழி.

மாட்யூல் எழுதுபவர் அதிகக் கவனம் செலுத்த வேண்டிய இடம், ஏசிஎல்லை மாற்றும் வழிகள்தாம். முன்பு ஏசிஎல் மாற்றங்களும் நீட்டிப்புப் பண்புகளை (கோப்புடன் சேமிக்கப்படும் கூடுதல் தகவல்கள்) எழுதும்போது அழைக்கப்படும் செட்எக்ஸ்ஆட்டர் ஹுக்கின் (கெர்னல் மாட்யூலை அழைத்துக் கேட்கும் இடம்) வழியாகவே வந்தன. 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 பதிப்பிலிருந்து ஏசிஎல்லை இடுவதற்கும் நீக்குவதற்கும் தனி ஹுக்குகள் உள்ளன. பழைய ஹுக்கை மட்டும் பதிவு செய்திருக்கும் மாட்யூல் எவ்விதப் பிழைச்செய்தியும் இன்றிக் கம்பைல் ஆகும்; ஆனால் புதிய கெர்னலில் ஏசிஎல் மாற்றம் எதுவும் அதன் கண்ணில் படாது. இந்த இரண்டையும் பிடித்துவிட்டாலும் காவல் முழுமையாகாது: மேலே கண்ட சிஎச்மோட் மாஸ்க்கை மாற்றும்போது ஐநோடின் (கோப்பின் விவரங்களைத் தாங்கும் கட்டமைப்பு) பண்பு மாற்றத்திற்கான செட்ஆட்டர் ஹுக் மட்டுமே அழைக்கப்படும். ஆக, மூன்றையும் கவனிக்க வேண்டும்.

ஏசிஎல்லைப் படித்தே தீர வேண்டிய தேவை இருந்தால், கெட் ஐநோடு ஏசிஎல் செயற்கூறு தருவதை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்: வெற்றுச் சுட்டி என்றால் பட்டியல் இல்லை, பிழைச் சுட்டி என்றால் படிக்க முடியவில்லை, மற்றபடி வருவது பயன்பாட்டு எண்ணிக்கை கூட்டப்பட்ட சுட்டி, அதை வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். பிழையைப் பட்டியல் இல்லை என்று எடுத்துக்கொள்வது ஆபத்தான கதவைத் திறந்துவிடும். கோப்பின் பாதைத் தேடல் ஆர்சியு நிலையில் (பூட்டுப் போடாத வேகமான வழி) நடக்கும்போது உறங்கக் கூடாது, அதாவது எதற்காகவும் காத்து நிற்கக் கூடாது. வட்டைத் தொட நேரக்கூடிய வேலை என்றால் ஈசைல்டு பிழையைத் திருப்பினால், கெர்னல் மெதுவான வழியில் மறுபடி வரும்.

திறந்திருக்கும் கோப்புக்கு ஏசிஎல் மாற்றம் பொருந்தாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கோப்பைத் திறந்தபின் நடக்கும் ஒவ்வொரு ரீட், ரைட் அழைப்பிலும் ஃபைல் பெர்மிஷன் ஹுக் கூப்பிடப்படுவதால், உரிமையை இடையில் பறிக்க விரும்பும் மாட்யூல் அங்கே மறுக்கலாம். எம்மேப் அழைப்பால் நினைவகத்தில் நேரடியாக இணைக்கப்பட்ட கோப்புப் பக்கங்களை அந்த ஹுக் எட்டாது.

சோதனையைச் சாதாரணப் பயனராகவும் ரூட்டாகவும் இரு முறை செய்யுங்கள். ரூட் பொதுவாக ஏசிஎல்லைக் கடந்துவிடுவதால் அங்கே மறுப்பு வந்தால் முதல் சந்தேகம் மாட்யூல் மீது விழும். சாதாரணப் பயனருக்கு மட்டும் மறுப்பு வந்தால் மாஸ்க்கிலிருந்து தேடத் தொடங்கலாம்.